பேசியவர்கள்

டீச்சர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மேசையில் கிடந்த சாக்பீஸை எடுத்து மகிழினியின் கையில் வைத்துவிட்டு வெளியே போனார்.  மதிய வருகைப் பதிவு ஆப்பில் ஏறாவிட்டால் அவர் கேட்டுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடிக்குப் போக வேண்டும், அங்கேதான் சிக்னல் கிடைக்கும், சில நாள் போனதுமே கிடைத்துவிடும், சில நாள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும். அதுவரை லீடர் எழுந்து நின்று, கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே 'பேசியவர்கள்' என்று எழுதி, கீழே பேசுகிறவர்களின் பெயர்களை எழுத வேண்டும். பேசினால் பெயர். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மேலே போனால் 'அடங்கவில்லை'. டீச்சர் வந்ததும் பெயருக்கு ஓர் அடி, மரஸ்கேலால், உள்ளங்கையில். வலி பெரிதாக இருக்காது, சத்தம்தான் பெரிதாக இருக்கும், சத்தம் பெரிதாக இருந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்குத்தான் எல்லோரும் பயப்பட்டார்கள். மகிழினி கோட்டைக் கிழித்தாள். கோடு நடுவில் கொஞ்சம் வளைந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி கிழிக்கலாமா என்று நினைத்தாள், அதற்குள் யாராவது பேசிவிடுவார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் பேசுவார்கள், அவளும் போன வாரம்வரை அப்படித்தான் பேசினாள். வளைந்த கோட்டை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நின்றாள்.

இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வகுப்பு வேறு மாதிரி இருந்தது. திங்கட்கிழமை முதல்முறையாக இங்கே வந்து நின்றபோது கண்ணை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, பயத்தால் அல்ல, எல்லாமே தெரிகிறதே என்பதால். பாயில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் மடியும் தெரிகிறது. மடியில் வைத்துப் பிய்த்துக்கொண்டிருக்கும் பேப்பர் தெரிகிறது, வாய்க்குள் ஒதுக்கி வைத்த புளிப்பு மிட்டாய் கன்னத்தில் முட்டிக்கொண்டு தெரிகிறது. முதல் வரிசைக்கு மாறுவதற்கு முன்பு ஹரிணியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நெல்லிக்காய் தின்ற அத்தனை நாளும் டீச்சருக்குத் தெரியாது என்று மகிழினி நம்பிக்கொண்டிருந்தாள். தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால் காது சூடாகியது. இன்னும் என்னென்ன தெரிந்து சொல்லாமல் இருக்கிறாரோ. அப்பா போட்டுவிடுகிற சடையில் ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெலிதாகவும் இருப்பது இங்கே நின்றால் நன்றாகத் தெரியும். ரிப்பனை அப்பா முடிச்சாகத்தான் போடுவார், பூவாக விரித்துவிடத் தெரியாது, தறியில் அறுந்த இழையைப் பிணைக்கிற அதே முடிச்சு, அவிழவே அவிழாது, ராத்திரி கத்திரிக்கோலால்தான் எடுக்க வேண்டும். சத்துணவு முட்டையின் வாசனை அவள் விரல்களில் இன்னும் இருந்தது. சாக்பீஸ் வியர்வையில் மெத்தென்று ஆகிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம், தறிக் குடோன் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இந்த ஊரில் யாருக்கும் கேட்காது, நின்றால்தான் கேட்கும்.

முதலில் பேசியது நவநீத். அவன்தான் எப்போதும் முதலில். அவன் குனிந்துகொண்டு உதட்டை மட்டும் அசைத்து, "சர்வேசு, பொழுதோட கெணத்துக்கு வாரியா?" என்றான். குரல் வெளியே வரவேயில்லை, ஆனாலும் மகிழினி அவன் பெயரை எழுதினாள். "சத்தமே போடலியே, எப்பிடி எழுதுவ?" என்று அவன் கேட்டான், அதற்காக ஒரு பெருக்கல் குறி போட்டாள். தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு உதடு போதும். மகிழினியின் வீட்டில் நான்கு தறி, சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் தறி. சோறு வேண்டுமா என்பதும், குழம்பில் உப்பு இல்லை என்பதும், யார் செத்துப்போனார்கள் என்பதும் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். கரண்ட் போகும்போது மட்டும் எல்லோருடைய குரலும் திடீரென்று பெரிதாகக் கேட்கும், அப்போது யாருக்கும் பேச எதுவும் இருக்காது. வகுப்பில் வேறு யாருக்கும் இது தெரியாது, லீடர் மந்திரம் வைத்திருக்கிறாள் என்று இரண்டாவது நாளே பேச்சு வந்துவிட்டது. சர்வேஷ் பதிலுக்கு உதட்டை அசைக்கவில்லை. அவன் நேராக உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் போன வாரம்வரை லீடர். பெரியப்பா மகளின் பெயரை எழுதாமல் விட்டான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், டீச்சர் எதுவும் கேட்காமல் அவன் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார், அவன் போய்ப் பாயில் உட்கார்ந்தான், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவன் பேசுவதற்காக இல்லை, அவள் தவறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரிந்தது. இங்கே நின்றால் அதுவும் தெரியும்.

சஸ்மிதா வழக்கம்போல முதல் வரிசையில், மகிழினியின் காலி இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் இருந்தாலும் கை கட்டியிருப்பாள், இல்லாவிட்டாலும் கட்டியிருப்பாள். இந்த வகுப்பில் ஒருமுறைகூடக் கரும்பலகையின் வலது ஓரத்துக்கு வராத பெயர் அவளுடையது மட்டும்தான். நூல் மில்லில் வேலை செய்கிறவர்களுக்கான லைன் வீட்டுப் பிள்ளை. ஒடிசா என்று டீச்சர் சொல்லியிருந்தார், அவள் பேசுவது ஒடியா, இந்தி இல்லை என்றும் சொல்லியிருந்தார், அதற்குப் பிறகும் எல்லோரும் 'இந்தி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள், கோபிக்க மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். பாடத்தை எழுதுவாள், எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், ஆனால் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள், டீச்சர் "சரி, உக்காரு" என்பார். பாடம் நடக்கும்போது அவள் உதடு லேசாக அசைவதை மகிழினி கவனித்திருக்கிறாள். அவர்கள் பாஷையில் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். உதடு பார்க்கத் தெரிந்தவள் அதை மட்டும் பார்க்காமல் விட்டாள். போன வருடம் அதே லைன் வீட்டிலிருந்து பிகாஷ் என்று ஒருவன் வந்தான். யாரையோ தள்ளிவிட்டான் என்று ஒருநாள் கையில் ஓர் அடி வாங்கினான், மற்றவர்கள் வாங்குகிற அதே அடி. மறுநாள் அவன் அம்மா கேட்டருகில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை, அவன் பையை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். இப்போது மில் எதிரே டீக்கடையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பான். அப்பாவோடு வண்டியில் போகும்போது மகிழினி பார்ப்பாள். அவனும் பார்ப்பான்.

"லீடர், தண்ணி குடிச்சுட்டு வரட்டா?" என்று கேட்ட ஹரிணியின் பெயரை எழுதினாள். தண்ணீர் கேட்பதும் பேச்சுதான், சர்வேஷ் இருக்கும்போது அப்படித்தான். ஹரிணி உதட்டைப் பிதுக்கினாள். அவளும் மகிழினியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழிகள், ஆனால் கொஞ்ச நாளாக மத்தியானத்தில் ஹரிணியோடு உட்கார மகிழினிக்குப் பிடிக்கவில்லை. ஹரிணி கேள்வி கேட்பாள். "உங்க சித்திக்கு இன்னும் கொழந்தை பொறக்கலியா?" என்பாள். "எங்கம்மா கேட்டாங்க, உங்கம்மா எப்ப வருவாங்கன்னு." தாராபுரத்தில் சித்திக்குப் பிரசவம், அதற்கு அம்மா போயிருக்கிறாள் என்று அப்பா சொல்லச் சொல்லியிருந்தார். மகிழினி எல்லோரிடமும் சொன்னாள், டீச்சரிடமும் சொன்னாள். சித்திக்குக் கல்யாணமே ஆகவில்லை. அது ஊரில் பெரியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை போலும், அல்லது தோன்றியும் வேறு சொல்லக் கிடைக்கவில்லையோ என்னவோ. ஹரிணியின் கேள்விகளுக்குப் பயந்துதான் மகிழினி தண்ணித் தொட்டிக்குப் பின்னால் சஸ்மிதாவோடு அஞ்சாங்கல் ஆடப் போனாள். ஆட்டத்துக்குப் பேச்சு வேண்டியதில்லை. கல்லைத் தூக்கிப் போட்டால் பிடிக்க வேண்டும், விட்டால் கொடுக்க வேண்டும். சஸ்மிதா தோற்கவே மாட்டாள், ஜெயித்தாலும் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள். அப்படி ஒருநாள், கல் மேலே போய்க் கீழே வருவதற்குள், மகிழினி சொல்லிவிட்டாள். சுவரிடம் பேசினால் பைத்தியம் என்பார்கள், சஸ்மிதாவிடம் பேசினால் விளையாடுகிறார்கள் என்பார்கள். சித்தி கதை பொய் என்று சொன்னாள். அம்மா போன அன்றைக்குக் காலையில் தறி ஓடிக்கொண்டிருந்தது, அவளும் அப்பாவும் சண்டை போட்டது கேட்கவில்லை, பார்க்கத்தான் முடிந்தது, அம்மாவின் உதடு "போறேன்" என்றது, அப்பாவின் உதடு "போ" என்றது, இரண்டும் சின்ன வார்த்தை, தெளிவாகத் தெரிந்தது என்று சொன்னாள். சஸ்மிதா கல்லைப் பிடித்தாள். அதற்குப் பிறகு மகிழினி தினமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது ஒரு கதை மாதிரி ஆகி, சுகமாகக்கூட இருந்தது. இன்னொன்றையும் சொன்னாள். அம்மா இல்லாதது சில நாள் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். தலைக்கு எண்ணெய் வைத்து இழுக்க யாரும் இல்லை, அப்பா சாயங்காலம் பரோட்டா வாங்கி வருகிறார், தூங்கும்வரை டிவி பார்க்கலாம், யாரும் யாரையும் திட்டுவதில்லை. "அம்மா இன்னும் கொஞ்ச நாள் கழிச்சே வந்தாப் போதும்" என்று சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். சஸ்மிதா அப்போது அவள் முகத்தைப் பார்த்தாள். புரியாதவர்கள் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். புரியாதவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று மகிழினிக்கு எப்படித் தெரியும். அவள் அப்படி நினைத்துக்கொண்டாள்.

நவநீத் முன்னால் நகர்ந்திருந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே பிட்டத்தால் நகர்ந்து நகர்ந்து சஸ்மிதாவுக்குப் பின்னால் வந்துவிட்டான், பென்சில் முனையை அவள் சடைக்குள் விட்டுத் தூக்கினான், விட்டான், மறுபடி தூக்கினான். "இந்தி, ஏ இந்தி, மணி அடிக்கிறேன் பாரு" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மகிழினி அவன் பெயருக்குப் பக்கத்தில் 'அடங்கவில்லை' எழுதத் திரும்பினாள், 'அட' வரைக்கும் எழுதியிருந்தாள், அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "ஏண்டா டேய், உனக்கு வேற வேலையே இல்லியா? இன்னொருக்கா சடையத் தொட்டீன்னா மூக்க ஒடச்சுக் கையில குடுத்துருவேன், கொண்டுபோய் உங்காத்தாகிட்டக் காட்டு." யாரோ பெரிய பெண்பிள்ளை உள்ளே வந்துவிட்டாள் என்று மகிழினி நினைத்தாள். மில் லைனில் தண்ணீர் வருகிற நேரத்தில் குழாயடியில் கேட்கிற பேச்சு அது, குடத்தை இடித்துக்கொண்டு நிற்கிற பெண்களின் இழுப்பும் வெட்டும் அப்படியே அதில் இருந்தன. திரும்பினாள். சஸ்மிதா பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், அவள் கை கட்டவில்லை. நவநீத் பென்சிலைக் கீழே வைத்தான். பிறகு, வகுப்பு அமைதியாக இருந்தது. எல்லோரும் பேச வேண்டும் போலிருந்தும் யாரும் பேசாத அமைதி அது, சாக்பீஸுக்குப் பயந்து வந்ததல்ல. தறிக் குடோனின் சத்தம் ஒன்றுதான் இருந்தது. மகிழினி முதல்முறையாக அதைக் கேட்டாள்.

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாள் சொன்னதும், அடுத்த நாள் சொன்னதும், சிரித்துக்கொண்டு சொன்னதும். கல் மேலே போகும்போது சொன்னதெல்லாம் சஸ்மிதாவின் காதுக்குள் போய் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஏன் தெரியாத மாதிரி இருந்தாள்? தெரியாத மாதிரி இருக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. நீ பேசுவாயா என்று யாராவது கேட்டார்களா? மகிழினி கேட்டாளா? இல்லை. தெரியாது என்று அவளாகவே வைத்துக்கொண்டாள், அது வசதியாக இருந்தது. "எழுது லீடர்" என்றான் நவநீத், மூக்கைத் தடவிக்கொண்டு. "அவ பேசுனா. எல்லாருக்குங் கேட்டுச்சு." "எழுது, எழுது" என்று பின்னாலிருந்து வந்தது, அப்படிச் சொன்னவர்களின் பெயரையும் எழுத வேண்டும், கை வரவில்லை. சர்வேஷ் சற்று முன்னால் குனிந்தான், அவ்வளவுதான். எழுதாவிட்டால் சாக்பீஸ் போய்விடும். போகட்டும். போகட்டும் என்று நினைக்க முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, திங்கட்கிழமை அப்பா "லீடரம்மிணி" என்று கூப்பிட்டுத் தறி வாசலில் எல்லோரிடமும் காட்டினார், ஆனாலும் போகட்டும். எழுதினால் சஸ்மிதாவுக்கு அடி விழும். அடி விழுந்தால் நாளை யாராவது கேட்டருகில் வந்து நின்று பையை வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் வர மாட்டாள். வர மாட்டாள் என்றால் சொல்லவும் மாட்டாள், மில் லைனுக்குள்ளேயே இருந்துவிடுவாள், டீக்கடை ஓரத்தில் பிகாஷ் நிற்கிற மாதிரி நிற்பாள், பார்ப்பாள், அவ்வளவுதான். இதை நினைத்தவுடன் நெஞ்சில் ஏதோ லேசானது. லேசானதைக் கவனித்ததும் பயமாக இருந்தது. அம்மா கொஞ்ச நாள் கழித்தே வந்தால் போதும் என்று சொன்னபோதும் இப்படித்தான் லேசாக இருந்தது.

ஆனால் எழுதினால் அவள் கோபத்தில் சொல்லிவிட்டால்? எழுந்து நின்று, குழாயடிக் குரலில், உங்கம்மா ஓடிப்போய்ட்டா, நீ பரோட்டா தின்னுட்டுச் சிரிக்கிற என்று சொன்னால்? அப்படிச் சொல்ல அவளுக்கு எல்லா வார்த்தையும் இருக்கிறது, அது இப்போது தெரிந்துவிட்டது. ஹரிணி போய் அவள் அம்மாவிடம் சொல்வாள், அது அம்மா இருக்கிற தாராபுரம் வரைக்கும் போகும், அம்மாவின் காதில் விழும், விழுந்த பிறகு அம்மா எதற்கு வர வேண்டும். எழுத வேண்டாம். எழுதாமல் விட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். டீச்சர் வருவார், பலகையில் இரண்டு பெயர் இருக்கும், சஸ்மிதா பேசாத பிள்ளை, பேசாதவள் பேசியதாக யார் சொன்னாலும் நம்ப மாட்டார். நாளைக்கு அவள் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள், மத்தியானம் தொட்டிக்குப் பின்னால் கல் மேலே போகும், இவள் பேசுவாள், அவள் பிடிப்பாள். பழையபடி. எவ்வளவு எளிது. ஒரு பெயரை எழுதாமல் விட்டால் போதும், ஒருத்தியை மறுபடி ஊமையாக்கிவிடலாம். மகிழினி இதை இந்த வார்த்தைகளில் நினைக்கவில்லை. எழுதாமல் விடுவது தனக்கு நல்லது, அவளுக்கு அல்ல என்று மட்டும் தெரிந்தது, அதையும் சரியாக நினைத்து முடிக்க முடியாமல் நினைப்பு பலகையின் ஓரத்துக்கும் கதவுக்கும் இடையே போய்ப் போய் வந்தது. வெளியே டீச்சரின் குரல் கேட்டது, சத்துணவு அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். வருகைப் பதிவு ஏறிவிட்டது போலிருக்கிறது. சஸ்மிதாவைப் பார்த்தாள். கெஞ்சுகிற மாதிரி இருந்தால் எழுத வேண்டாம், முறைக்கிற மாதிரி இருந்தால் எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டும் இல்லை. சஸ்மிதா அவளைப் பார்க்கவேயில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஹரிணியின் பெயருக்குக் கீழே இருந்த வெறும் இடத்தை. பேருந்து வருகிற திசையைப் பார்க்கிறவர்கள் மாதிரி.

மகிழினி எழுதினாள். நான்கு எழுத்துதான், 'சஸ்மிதா', ஆனால் சாக்பீஸ் வழுக்கிக்கொண்டே இருந்தது, 'மி' மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாகப் போய்விட்டது. எழுதிவிட்டு, நவநீத்துக்குப் பாதியில் நின்ற 'அட'வை முடித்தாள். யாரையும் பார்க்காமல் பலகைப் பக்கமே நின்றாள். டீச்சர் உள்ளே வந்தார், போனை மேசையில் கவிழ்த்து வைத்தார், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பெயர்களைப் படித்தார். படிக்கும்போது கண் ஓரிடத்தில் நின்றது. "சஸ்மிதாவா?" என்றார். "என்ன கண்ணு எழுதியிருக்கிற, அவ பேசுனாளா?" மகிழினி தலையை ஆட்டினாள். "என்ன பேசுனா?" மகிழினி சொல்லத் தேவைப்படவில்லை. வகுப்பே சொன்னது, ஒரே குரலில், மனப்பாடப் பாட்டு மாதிரி, மூக்கை உடைத்துக் கையில் கொடுத்து, ஆத்தாளிடம் காட்டச் சொன்னது வரை. டீச்சர் உதட்டை மடித்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார், தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. "அட கழுத" என்றார் சஸ்மிதாவிடம், மெதுவாக. "இத்தன நாளா வாய்க்குள்ள கொழுக்கட்டையா வெச்சிருந்த? வாசிக்கச் சொன்னா மட்டும் மரமாட்ட நிக்கிற." 

நவநீத்துக்கு விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள். ஹரிணிக்கு விழுந்தது. சஸ்மிதா எழுந்து போய் நின்றாள். டீச்சர் ஸ்கேலை மேசையில் வைக்கப் போனார். "நீ போ, உக்காரு" என்றார். சஸ்மிதா போகவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள், உள்ளங்கை மேலே பார்க்க, வாசிக்கச் சொன்னால் நிற்பாளே அதே நிற்பு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். டீச்சர் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு ஸ்கேலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். "சத்தமே வரல, இதெல்லாம் ஓரவஞ்சனை" என்றான் நவநீத். "உனக்கு இன்னொண்ணு போட்டா அதுல சத்தம் வரும், வேணுமா?" என்றார் டீச்சர். வேண்டாம் என்றான்.  சஸ்மிதா திரும்பி நடந்து வந்தாள், வரும்போது பாய் நுனி காலில் சுருண்டது, குனிந்து அதைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தாள். நாளைக்கு அவள் வருவாளா மாட்டாளா என்று அவள் முகத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று மகிழினி தேடினாள். டீச்சர் சாக்பீஸை வாங்கிக்கொள்ளவில்லை, "மேசையில வெச்சுட்டுப் போ" என்றார். வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். தோளும் தோளும் தொடுகிற இடம் அது. கொஞ்சம் தள்ளி உட்காரலாமா என்று நினைத்தாள், தள்ளினால் கவனித்துவிடுவாள், இனிமேல் அவள் கவனிக்கிறாள் என்பதை மறக்க முடியாது.

ஏழாம் வாய்ப்பாடு. டீச்சர் ஸ்கேலால் மேசையைத் தட்டித் தொடங்கிவைத்தார், ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, வகுப்பு ஆடிக்கொண்டே கத்தியது, முன்னும் பின்னும், ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போல. மகிழினியும் ஆடினாள், வாயை அசைத்தாள், சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. மூவேழு இருபத்தொண்ணு. பக்கத்தில் சஸ்மிதாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது, முதல்முறையாக அதைப் படித்துப் பார்த்தாள், நாலேழு இருபத்தெட்டு என்றுதான் அதில் இருந்தது. அடுத்த வரியில் அந்த உதடு வேறு ஏதோ சொன்னது. "அம்மா வந்துச்சா?" மகிழினி பலகையைப் பார்த்துக்கொண்டே தலையை இல்லை என்று அசைத்தாள். அசைத்த பிறகுதான், இத்தனை நாளில் யாருக்கும் இந்தப் பதிலைச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆறேழு நாப்பத்திரெண்டு. கேலியாக இருக்குமோ என்று பார்த்தாள். இல்லை. பாடத்தில் ஒரு வரி விட்டுப்போனால் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள், அதே மாதிரி அடுத்ததையும் கேட்டாள். "வரணுமா?" ஏழேழு நாப்பத்தொம்பது. இதை யாரும் கேட்டதில்லை. ஹரிணி கேட்டதெல்லாம் எப்போது வருவாள், ஏன் போனாள், என்ன குழந்தை. அப்பா எதையும் கேட்பதில்லை. வரணுமா என்று கேட்பதற்கு, பரோட்டாவும் டிவியும் அந்தச் சிரிப்பும் தெரிந்திருக்க வேண்டும், எல்லாம் தெரிந்த ஒருத்தியால்தான் கேட்க முடியும். மகிழினி வாயைத் திறந்தாள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவளுடையது, மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது. எட்டேழு என்றதும் வகுப்பு வழக்கம்போல அம்பத்தாறா அம்பத்தஞ்சா என்று தடுமாறி, மொத்தமாக ஒரு நொடி நின்றது.

"வரணும்" என்றாள் மகிழினி, அந்த ஒரு நொடியில். அது கதவு வரைக்கும் கேட்டது.

எல்லாத் தலையும் திரும்பின. போன வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக சர்வேஷ் வாயைத் திறந்தான். "டீச்சர், லீடர் பேசுறா."